பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடக்கும் தாய்... சமயபுரம் மாரியம்மன்!

கோயிலுக்கு மாலை போட்டா, நேர்த்திக்கடன் வெச்சா, யார் விரதம் இருப்பாங்க? நாமதான். மஞ்சள் துணி கட்டிக்கிட்டு, ஒருவேளை சாப்பிட்டு, சாமிகிட்ட 'என் பிள்ளையைக் காப்பாத்து'ன்னு கேட்போம். ஆனா, தமிழ்நாட்டுல ஒரு கோயில்ல இது அப்படியே தலைகீழ். அங்கே பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை... முழுசா 28 நாள்!

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில், சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சமயபுரம். ஆடி வெள்ளி, தைப்பூசம், சித்திரைத் தேர் என்று வருடம் முழுக்கக் கூட்டம் குறையாத ஊர். 'சமயத்துல வந்து காப்பாத்துறவ சமயபுரத்தா' என்று திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் பக்கத்துப் பெண்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. நோயின் வரலாறு, பிள்ளைகளைப் பறிகொடுத்த பயத்தின் வரலாறு, அந்தப் பயத்தோடு வாழக் கற்றுக்கொண்ட வீடுகளின் வரலாறு.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவள்

சமயபுரத்தாளின் கதை ஸ்ரீரங்கத்தில் தொடங்குகிறது. இந்த அம்மன் முதலில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் வைணவி என்ற பெயரில் இருந்தாள் என்பது தலவரலாறு. அவளுடைய உக்கிரம் தாங்க முடியாமல், அங்கே இருந்த ஜீயர் அவளை வேறிடத்தில் வைக்கச் சொன்னாராம். ஆட்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு வடக்கு நோக்கி நடந்தார்கள். வழியில் களைப்பாற இறக்கி வைத்த இடம் இன்றைய இனாம் சமயபுரம். பிறகு அங்கிருந்து கிளம்பி, கண்ணனூர் அரண்மனை மேட்டில் ஓர் ஓலைக்கொட்டகையில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த வழியாகப் போன ஜனங்கள் அவளைப் பார்த்தார்கள். 'கண்ணனூர் மாரி' என்று கும்பிட ஆரம்பித்தார்கள்.

கண்ணன் பிறந்த இரவில், யசோதைக்குப் பிறந்த பெண் குழந்தையைக் கம்சன் தூக்கி அடிக்கப் போனபோது, அவன் கையை விட்டு மேலே எழும்பி நின்ற மாயாதேவிதான் இந்த அம்மன் என்று இன்னொரு கதையும் உண்டு. அப்படிப் பார்த்தால் இவள் பெருமாளுக்குத் தங்கை. பெரிய கோயிலிலிருந்து வெளியே போனவள் என்றாலும் உறவு அறுந்துபோகவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து இன்றும் இவளுக்குச் சீர் வருகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அரண்மனை மேட்டுக்கு வந்த கதை

ஓலைக்கொட்டகை போட்ட இடத்துக்கு 'அரண்மனை மேடு' என்று எப்படிப் பெயர் வந்தது? அது வெறும் கதை இல்லை. கண்ணனூர் ஒரு காலத்தில் தலைநகரம். 13-ம் நூற்றாண்டில், கர்நாடகத்திலிருந்து வந்த ஹொய்சாள மன்னன் வீர சோமேஸ்வரன் இங்கிருந்துதான் தமிழகப் பகுதியை ஆண்டான். அவன் கட்டிய 'பொய்சாளேஸ்வரம்' என்ற சிவன் கோயில்தான் மக்கள் வாயில் புழங்கிப் புழங்கி இன்று போஜீஸ்வரர் கோயில் ஆகியிருக்கிறது. சமயபுரம் போகிறவர்களில் பெரும்பாலானோர் எட்டிப்பார்க்காமல் வந்துவிடும் கோயில் அது.

பிறகு சடையவர்ம சுந்தர பாண்டியன் கண்ணனூரைக் கைப்பற்றினான். அடுத்த நூற்றாண்டில், 1342-ஐ ஒட்டி, மதுரை சுல்தானின் படைக்கும் ஹொய்சாள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கும் இந்தக் கண்ணனூர்க் கோட்டையை வைத்துத்தான் போர் மூண்டது. அந்தப் போரில் வல்லாளன் பிடிபட்டு உயிரிழந்தான். கோட்டை போனது, அரண்மனை போனது, ராஜ்ஜியங்கள் போயின. மண்மேடும் வேப்பமரங்களும் மிஞ்சின. அந்த மேட்டில்தான் ஊர்ஜனங்கள் ஓர் அம்மனை வைத்துக் கும்பிட்டார்கள். ராஜாக்களின் தலைநகரம் மறந்துபோய், இன்று உலகத்துக்கே அந்த ஊர் தெரிவது அவள் பெயரால்தான்!

தகப்பனைப் பார்க்காத ராஜா கட்டிய கோயில்

தென்னாட்டுப் படையெடுப்பின்போது இங்கே தங்கிய விஜயநகர மன்னர், வெற்றி கிடைத்தால் கோயில் கட்டுவதாக வேண்டிக்கொண்டார் என்கிறது தலவரலாறு. அம்மனுக்கு இன்றிருக்கும் தனிக்கோயில், 1706-ல் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தில் எழும்பியது என்றும் சொல்கிறது.

இந்த விஜயரங்க சொக்கநாதர் யார் தெரியுமா? ராணி மங்கம்மாளின் பேரன். மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர், சின்ன வயதிலேயே 1689-ல் இறந்துபோனார். போர்க்களத்தில் இல்லை; பெரியம்மையில்! அப்போது அவர் மனைவி வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளை பிறந்ததும் தாயும் இறந்தாள். அப்பா முகம் பார்க்காமல், அம்மா மடி தெரியாமல் பாட்டியின் கையில் வளர்ந்த அந்தக் குழந்தைதான் விஜயரங்க சொக்கநாதர். பாட்டி மங்கம்மாள், பேரனுக்குப் பட்டம் கட்டி, அவன் பேரால் தானே நாட்டை ஆண்டாள்.

அம்மைக்குத் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையின் காலத்தில், அம்மையின் தெய்வத்துக்குக் கோயில் எழும்பியது என்பதை நினைத்துப் பாருங்கள். 'அதற்காகத்தான் கட்டினார்' என்று எந்தக் கல்வெட்டையும் காட்டி நான் சொல்ல வரவில்லை. ஆனால், அந்தக் காலத்தில் பெரியம்மை குடிசை, அரண்மனை என்று பார்க்காமல் நுழைந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கண்டவர்களில் சுமார் 10 பேருக்கு 3 பேர் பிழைக்க மாட்டார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. பலருக்குக் கண் பார்வையே போய்விடும். மருந்து கிடையாது. அப்படியொரு காலத்தில் ஒரு தாய் யாரிடம் போய் நிற்பாள்?

நோய்க்கு ஏன் 'அம்மை' என்று பெயர்?

யோசித்துப் பாருங்கள்... உயிரை எடுக்கும் ஒரு நோய்க்கு 'அம்மா' என்று பெயர் வைத்த ஜனங்கள் நாம். 'அம்மை போட்டிருக்கு', 'அம்மா வந்திருக்கா', 'முத்து இறங்கிடுச்சு' என்றுதான் சொல்வோம். கொப்பளத்துக்குக்கூட முத்து என்று பேர். பயந்து ஒதுக்குவதற்குப் பதிலாக, வந்தவளை வீட்டுக்கு வந்த தாயாக நினைத்து, குளிரவைத்து, சந்தோஷமாக அனுப்பிவைக்க வேண்டும் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் மனசு. மாரி என்றால் மழை. வெயில் ஏற ஏற அம்மை பரவும். மழை வந்தால்தான் ஊர் குளிரும். நோயைத் தருபவளும் அவளே, குளிரவைப்பவளும் அவளே.

அம்மை கண்ட வீட்டில் நம் பாட்டிமார்கள் என்னென்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகினார்கள். அதைப் பார்த்தாலே வெளியாட்கள் உள்ளே வர மாட்டார்கள். வீட்டுக்காரர்களும் விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள். சமையலில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, கறி மீன் கிடையாது. நோயாளிக்கு இளநீர், மோர், பழம், கூழ். முத்து இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகுதான் வீடு பழையபடி ஆகும். இன்று 'தனிமைப்படுத்துதல்' என்று சொல்கிறோமே, அதைச் சாமி பேரைச் சொல்லி ஊர் முழுக்கக் கடைப்பிடித்தார்கள்.

28 நாள் பச்சைப் பட்டினி

இனி விஷயத்துக்கு வருவோம். மாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சமயபுரத்தில் பூச்சொரிதல் விழா தொடங்கும். அன்று தொடங்கி, பங்குனி மாதம் கடைசி ஞாயிறு வரை 28 நாட்கள் அம்மன் விரதம் இருக்கிறாள். இதற்குப் 'பச்சைப் பட்டினி விரதம்' என்று பெயர். அந்த நாட்களில் வழக்கமான தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், கரும்புப் பானகம், இளநீர், பழங்கள்... அவ்வளவுதான்.

துள்ளுமாவு தெரியுமில்லையா? ஊறவைத்த பச்சரிசியை இடித்து, வெல்லம் கலந்து, அடுப்பில் ஏற்றாமல் அப்படியே படைப்பது. 28 நாளும் அம்மனுக்கு இதுதான் சாப்பாடு.

அசுரனை வதம் செய்த பாவம் தீரவும், கோபம் தணியவும், காவிரியின் வடகரையில் வேம்புக் காட்டில் அம்மன் மஞ்சள் உடுத்தித் தவம் இருந்தாள். அதன் தொடர்ச்சிதான் இந்த விரதம் என்கிறது புராணம். 'உலகத்துல இருக்கிற பிள்ளைங்க நோய்நொடி இல்லாம இருக்கணும்னு அவ பட்டினி கிடக்கிறா' என்கிறார்கள் பக்தர்கள்.

எனக்கு இதில் ஒன்று தோன்றுகிறது. மேலே அம்மை கண்ட வீட்டுப் பத்தியத்தைச் சொன்னேன் அல்லவா? அதையும் அம்மனின் 28 நாள் நைவேத்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளிப்பு இல்லை, சூடு இல்லை, மோர், இளநீர், பானகம், பழம். ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், அம்மாவும் அதே பத்தியத்தைச் சாப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளே... அதுதான் இது. வெயில் ஏறத் தொடங்கும் மாசிக் கடைசியில், அம்மை பரவும் காலத்துக்கு முன்னாலேயே, தாய் பாயில் உட்கார்ந்துவிடுகிறாள்.

அவள் பட்டினி கிடக்கும் நாட்களில் அவளைக் குளிரவைக்கத்தான் பூ. சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் தட்டுத் தட்டாகவும் வண்டி வண்டியாகவும் பூக்கள் வந்து சேரும். மல்லி, முல்லை, அரளி, செவ்வந்தி என்று கருவறையே பூவாலேயே மூடிவிடும். பக்தர்களும் மஞ்சள் உடுத்தி அம்மனோடு சேர்ந்து விரதம் இருக்கிறார்கள்.

கருவறையில் அவள்

மூலவர் கல்சிலை இல்லை. மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதை வடிவம். அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. உற்சவருக்குத்தான் எல்லா அபிஷேகமும். எட்டுத் திருக்கரங்களோடு, தலைக்கு மேல் நாகம் குடை பிடிக்க, ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு, அசுரர் தலைகள் மேல் பாதம் பதித்து உட்கார்ந்திருக்கிறாள். குங்குமச் சிவப்பில் முகம், பெரிய கண்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு உருவத்தின் அளவே ஒரு திகைப்பைத் தரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அந்தக் கண்ணில் கோபம் தெரியாது, கவனம்தான் தெரியும்.

தலவிருட்சம் வேம்பு. ஊரை ஒட்டி ஓடும் பெருவளை வாய்க்கால் இந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் தீர்த்தங்களில் ஒன்று.

தேரும் சீரும்

28 நாள் பட்டினி முடிந்ததும் சித்திரைத் திருவிழா. சித்திரை மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தேரோட்டம். முதல் நாள் ராத்திரியே நெடுஞ்சாலை முழுக்க மஞ்சள் வெள்ளமாக இருக்கும். பல மாவட்டங்களிலிருந்து கால்நடையாகவே வருவார்கள். வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், பானகப் பந்தல். கவனித்தீர்களா? அம்மன் 28 நாள் சாப்பிட்ட அதே மோரும் பானகமும் நடந்து வருகிறவர்கள் கைக்கு வந்து சேர்கிறது.

இன்னொரு முக்கியமான நாள் தைப்பூசம். அன்று சமயபுரத்தாள் கிளம்பி, கொள்ளிடக் கரைக்கு வந்து காத்திருப்பாள். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலிலிருந்து பட்டுப்புடவை, மாலை, மங்கலப் பொருட்கள் எல்லாம் மேளதாளத்தோடு சீர்வரிசையாக வரும். அண்ணன் தங்கைக்குத் தரும் பொங்கல் சீர் மாதிரி! உக்கிரம் தாங்காமல் வெளியே அனுப்பப்பட்டவள் என்று ஒரு கதை. வருடா வருடம் மறக்காமல் சீர் அனுப்பும் பிறந்தவீடு என்று ஒரு வழக்கம். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். கல்யாணமான பெண்களுக்கு இந்த நாள் மேல் தனிப் பிரியம் இருப்பதில் என்ன ஆச்சர்யம்?

என்ன வேண்டிக்கொள்கிறார்கள்?

* மாவிளக்கு: பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவது. வயிற்றுக் கோளாறு தீர வேண்டிக்கொண்டவர்கள் படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் வைத்து ஏற்றுவதும் உண்டு.

* கண்மலர்: கண் வடிவில் வெள்ளித் தகடு வாங்கிச் சாத்துவது. அம்மையில் கண் போன காலத்தை நினைத்தால், இந்த வேண்டுதலின் கனம் புரியும். கை, கால் என்று எந்த உறுப்புக்கு நோயோ, அந்த உருவத்தையும் வாங்கிப் போடுவார்கள்.

* உப்பு, மிளகு: மரு, பரு, தோல் நோய்கள் தீர வேண்டிப் போடுவது.

* கரும்புத் தொட்டில்: பிள்ளை வரம் கேட்டவர்கள், பிள்ளை பிறந்ததும் கரும்பில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டி, அதில் குழந்தையைப் போட்டுக் கணவனும் மனைவியும் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் அப்படிச் சுற்றுவதைப் பார்த்தால், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே கண் கலங்கும்.

அக்னிச்சட்டி, அலகு, முடிகாணிக்கை எல்லாம் இது தவிர.

பெரியம்மை போன பிறகும்...

பெரியம்மையை மனிதர்கள் ஒழித்துவிட்டார்கள். தடுப்பூசி போட்டு, ஊர் ஊராகத் தேடி, இந்தியாவில் 1975-ல் கடைசி நோயாளியோடு அது நின்றது. 1980-ல் உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்படியானால் மாரியம்மனுக்கு வேலை இல்லாமல் போக வேண்டும் அல்லவா? போகவில்லை. கூட்டம் கூடியிருக்கிறது, கிழக்கு வாசலில் ஏழு நிலை ராஜகோபுரம் எழுந்து நிற்கிறது.

காரணம் எளிது. நோய்தான் போயிற்று, பயம் போகவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள், ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள், வெளிநாட்டில் இருக்கும் மகனிடமிருந்து போன் வராத ராத்திரி... அப்போதெல்லாம் 'உன்னோட சேர்ந்து நானும் பட்டினி கிடக்கிறேன்' என்று சொல்லும் ஒரு தாய் எல்லாருக்கும் தேவைப்படுகிறாள்.

ஒரு விஷயம் மட்டும் மறக்க வேண்டாம். சின்னம்மையும் தட்டம்மையும் இன்னும் இருக்கின்றன. ரெண்டுக்குமே தடுப்பூசி உண்டு. வேப்பிலை செருகுங்கள், அம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், பத்தியம் பாருங்கள். கூடவே டாக்டரையும் பாருங்கள். குறிப்பாகக் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள், வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் தாமதமே கூடாது. பிள்ளைக்காகப் பட்டினி கிடக்கும் தாய், டாக்டரிடம் போவதையா வேண்டாம் என்பாள்?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* திருச்சி மத்திய, சத்திரம் பேருந்து நிலையங்களிலிருந்து அடிக்கடி டவுன் பஸ் உண்டு. 'டோல்கேட்' என்று மட்டும் கேட்டு ஏறிவிடாதீர்கள். நம்பர் 1 டோல்கேட் வேறு, சமயபுரம் டோல்கேட் வேறு.

* சாதாரண நாட்களில் காலை 5.30 மணி வாக்கில் நடை திறந்து இரவு 9 மணி வரை தரிசனம். விழா நாட்களில் நேரம் மாறும்.

* செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கூட்டம் அதிகம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுவது நல்லது.

* நேரம் இருந்தால் இனாம் சமயபுரம் ஆதி மாரியம்மனையும் போஜீஸ்வரரையும் பார்த்துவிட்டு வாருங்கள். அப்போதுதான் சமயபுரத்துக் கதை முழுசாகும்.

தரிசனம் முடிந்து வெளியே வரும்போது, அன்னதானக் கூடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாள் முழுவதும் அன்னதானம் போடும் திட்டம் 2021-ல் தொடங்கப்பட்ட கோயில்களில் சமயபுரமும் ஒன்று. எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். பச்சைப் பட்டினி நாட்களில் போனால் இன்னும் நன்றாகப் புரியும். உள்ளே அவள் வெறும் மோரும் மாவும் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே பிள்ளைகளுக்குச் சுடச்சுட சோறு விழுந்துகொண்டிருக்கும். நம் வீட்டு அம்மாக்களும் இப்படித்தானே? தான் சாப்பிட்டேனா என்று யாரும் கேட்காவிட்டாலும், வாசலுக்கு வந்த பிள்ளையிடம் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான்: 'சாப்பிட்டியாப்பா?'